நாடாளுமன்ற நிர்வாகத்துக்குத் தலைமை அதிகாரி: உள்ளே வளர்ந்தவரா, வெளியிலிருந்து வருபவரா?

நாடாளுமன்ற நிர்வாகத்தின் தலைமை அதிகாரியை எங்கிருந்து தேர்ந்தெடுப்பது என்று கேட்டவர் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார். அவைச் செயலகத்திலேயே வளர்ந்த ஒருவருக்குப் பதவி உயர்வு தரலாம், அல்லது வெளியே பெரிய அமைப்பை நடத்தியவரை அழைத்து வரலாம். எது நல்லது என்கிறார். வேலை என்ன என்பதை முடிவு செய்யாமல் விளம்பரம் கொடுத்தால் இரண்டுமே சொதப்பும் என்பது என் பதில். உயர் பதவிகளுக்கான தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன்; நாடாளுமன்றத்துக்காக அல்ல. அதனால்தானோ என்னவோ, 2014-ல் லண்டனில் நடந்த கூத்தை விடாமல் படித்தேன்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையில் தலைமை அதிகாரியைக் கிளார்க் என்பார்கள். அவர் தலையில் இரண்டு வேலை. ஒன்று, சபாநாயகருக்கு முன்னால் மேசையில் அமர்ந்து அவை விதிகளையும் முன்னுதாரணங்களையும் எடுத்துச் சொல்வது. இன்னொன்று, ஆயிரக்கணக்கான ஊழியர்கள், பாதுகாப்பு, உணவகம், கணினிகள், அடிக்கடி ஒழுகும் பழைய அரண்மனைக் கட்டடம் என்று எல்லாவற்றையும் நிர்வகிப்பது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்த ராபர்ட் ரோஜர்ஸ் 2014 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். சபாநாயகர் ஜான் பெர்கோ தலைமையிலான குழு அவருடைய இடத்துக்குக் கேரல் மில்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் சேவைத் துறைக்குத் தலைவராக இருந்தவர்.

உடனே புயல் கிளம்பியது. அவை நடைமுறையில் அனுபவமே இல்லாதவர் சபாநாயகருக்கு எப்படி ஆலோசனை சொல்வார் என்று எம்.பி.க்கள் கேட்டார்கள். முன்னாள் சபாநாயகர் பெட்டி பூத்ராய்டும் எதிர்த்தார். ஆஸ்திரேலிய செனட்டின் கிளார்க்கே இந்தத் தேர்வை விமர்சித்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பெர்கோ நியமனத்தை நிறுத்திவைத்தார்.

பலரும் இதைப் பெர்கோவின் பிடிவாதம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஆஸ்திரேலியாவில் இந்த வேலை ஏற்கெனவே பிரிக்கப்பட்டது. இரண்டு அவைகளுக்கும் தனித்தனிக் கிளார்க்குகள் உண்டு. கட்டடமும் சேவைகளும் தனித் துறை. அந்தத் தனித் துறையை நடத்தியவரைக் கொண்டு வந்து, இரண்டும் பிரியாத நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கேட்டதெல்லாம் ஒரே ஆளிடம் கிடைக்கும் என்று நம்பிய தேர்வுக் குழுவின் தவறு அது. அடி வாங்கியவரோ மில்ஸ். நியமனம் முடியும் முன்பே பெயர் பத்திரிகைகளில் வந்துவிட்டது. அந்த நிலையில் எந்த வேட்பாளரும் தன் தரப்பைச் சொல்ல முடியாது.

பிறகு முன்னாள் அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். டிசம்பரில் வந்த அதன் அறிக்கை வேலையைப் பிரிக்கச் சொன்னது: கிளார்க் தலைமையிலேயே இருக்கட்டும், அவருக்குக் கீழே டைரக்டர் ஜெனரல் என்று ஒருவர் நிர்வாகத்தைத் தனிப் பொறுப்போடு நடத்தட்டும் என்றது. 2015-ல் அனுபவசாலியான டேவிட் நாட்ஸ்லர் கிளார்க் ஆனார். வணிக உலகிலிருந்து வந்த இயன் எய்ல்ஸ் முதல் டைரக்டர் ஜெனரல் ஆனார். ஆக, 'உள்ளேயா வெளியேயா' என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, ஆளுக்கு ஒன்று.

யார் மேலே இருப்பது என்பதிலும் ஸ்ட்ரா குழு சொன்னதே சரி என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் தவறு நடந்தால் அடுத்த ஆண்டு திருத்தலாம். அவையில் தவறான ஆலோசனையின் பேரில் சபாநாயகரின் தீர்ப்பு ஒன்று வந்துவிட்டால், அதை முன்னுதாரணமாகக் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அதற்காக நிர்வாகம் சில்லறை வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 2018-ல் முன்னாள் நீதிபதி லாரா காக்ஸ் தந்த அறிக்கை, காமன்ஸ் ஊழியர்கள் மிரட்டலுக்கும் பாலியல் தொந்தரவுக்கும் ஆளானதையும் மேல்மட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதையும் கடுமையாகச் சொன்னது. இந்த அதிகாரிக்கு 650 எம்.பி.க்களும் ஒரு வகையில் முதலாளிகள்தான். அவர்களில் ஒருவர் மீது ஒரு சாதாரண ஊழியர் புகார் கொடுத்தால் இவர் யார் பக்கம் நிற்பார்? நேர்காணலில் நான் முதலில் தோண்டுவது இங்கேதான். அதிகாரத்தில் இருந்த ஒருவரிடம் கடைசியாக எப்போது முடியாது என்றீர்கள், பிறகு உங்களுக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டும். அழகான பதிலைவிட, பெயரைத் தவிர்த்து, சம்பவத்தைக் கொஞ்சம் தயங்கிச் சொல்கிறவரையே நம்புவேன்.

சரி, நம் பக்கம். இந்தியாவில் அரசியலமைப்பின் 98-வது பிரிவு இரு அவைகளுக்கும் தனித்தனிச் செயலகம் தருகிறது. கிளார்க்குக்கு இணையான பொதுச் செயலாளரை மக்களவையில் சபாநாயகரும் மாநிலங்களவையில் அவைத் தலைவரும் நியமிக்கிறார்கள். திறந்த போட்டி, விளம்பரம் என்ற வழக்கம் இல்லை. 2017-ல் மக்களவையின் முதல் பெண் பொதுச் செயலாளரான சினேகலதா ஸ்ரீவஸ்தவா ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி. மாநிலங்களவையில் 2021 செப்டம்பரில், செயலகத்திலேயே வளர்ந்த பி.பி.கே. ராமாச்சார்யுலு பொதுச் செயலாளர் ஆனார். நவம்பரிலேயே அவரை மாற்றி, முன்னாள் வருமான வரி அதிகாரி பி.சி. மோடியை நியமித்தார்கள். மோடியின் தகுதியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் அப்படி மாற்ற முடியும் என்பதைப் பார்க்கிற இளநிலை அதிகாரி எந்த நம்பிக்கையில் முப்பது வருடம் அவை விதிகளைப் படிப்பார்?

இலங்கையில் இந்தப் பதவிக்குச் செயலாளர் நாயகம் என்று பெயர். நியமனம் ஜனாதிபதியின் கையில் இருந்தாலும் அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். உடல்நலக் குறைவு போன்ற காரணம் இல்லாமல் செயலாளர் நாயகத்தை நீக்க, பாராளுமன்றமே கோர வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பதவி ஒரே ஒருவரின் மனநிலையைச் சார்ந்திருந்தால், காலையில் கொடுக்கும் ஆலோசனையிலேயே அந்தப் பயம் கலந்துவிடும்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரும், அவை நடைமுறை தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். நேர்காணலோடு ஒரு செயல்முறைத் தேர்வும் வையுங்கள்: நள்ளிரவில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது, இரு தரப்பும் கத்துகிறது, சபாநாயகருக்கு அரைப் பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள், இருபது நிமிடம். வெளியிலிருந்து வந்தவர் அதில் தேறாவிட்டால் அவருக்கு டைரக்டர் ஜெனரல் நாற்காலியைப் பற்றிப் பேசலாம். கிளார்க் நாற்காலி வேண்டாம்.