வேண்டாம் என்று சொல்ல நான்கு பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பீட்டில்ஸைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அவர்களை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் குழுவின் ஆல்பங்கள் எல்லாம் கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகிவிட்டன. அடுத்து, பிரிந்தபின் நால்வரும் தனித்தனியாகச் செய்ததற்கு வந்தேன். அங்கேதான் சிக்கல். ஜான் லெனனின் ஆல்பத்தில் ஒரே கதறல். பால் மெக்கார்ட்னியுடையது பாதி வேலையில் எழுந்துபோன மாதிரி இருக்கிறது. ஜார்ஜ் ஹாரிசன் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறார், ஆனால் மூன்று இசைத்தட்டு நீளத்துக்குப் போகிறார். ரிங்கோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவர் நல்ல மனிதர்.

கடைசியில் நானே ஒரு காரியம் செய்தேன். 1970, 71-இல் நால்வரும் வெளியிட்ட பாட்டுகளிலிருந்து பதினான்கை எடுத்து ஒரே பட்டியலாக போனில் வைத்துக்கொண்டேன். வராமல் போன பீட்டில்ஸ் ஆல்பம் என்று அதற்குப் பெயர். தனித்தனியாகக் கேட்டபோது இல்லாத சுகம் இதில் இருக்கிறது. அப்படியென்றால் அவர்கள் ஒவ்வொருவரும் தனியாக வெறும் கால் பங்குதானா? இல்லை, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியலை முதலில் போட்டவர் நீங்கள் இல்லை, ஜான் லெனன்.

1969 செப்டம்பரில் லண்டன் சவில் ரோ அலுவலகத்தில் ஜான், பால், ஜார்ஜ் மூவரும் உட்கார்ந்து பேசியது ஒலிநாடாவில் இருக்கிறது. ரிங்கோ அப்போது வயிற்றுக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில். அவர் பிற்பாடு கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் பதிவு செய்தார்கள். ‘ஆபி ரோடு’ ஆல்பத்தின் வேலை முடிந்திருந்தது, இன்னும் கடைக்கு வரவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு ஜான் ஒரு கணக்குச் சொல்கிறார்: எனக்கு நான்கு பாட்டு, பாலுக்கு நான்கு, ஜார்ஜுக்கு நான்கு, ரிங்கோவுக்கு வேண்டுமென்றால் இரண்டு. கூட்டிப் பாருங்கள், உங்கள் பதினான்குதான்.

அதற்குப் பால் என்ன சொன்னார் என்பதுதான் விஷயம். இந்த ஆல்பம் வரைக்கும் ஜார்ஜின் பாட்டுகள் அவ்வளவு சரியில்லை என்றுதான் நினைத்திருந்தேன் என்கிறார். ஜார்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்! அது அவரவர் ருசி, கேட்பவர்களுக்கு என் பாட்டு எப்போதும் பிடித்துத்தான் இருந்திருக்கிறது என்று ஜார்ஜ் பதில் சொல்கிறார். குரல் உயரவில்லை. அதே மாதக் கடைசிக்குள் ஜான் குழுவை விட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார். பட்டியல் பட்டியலாகவே நின்றுபோயிற்று.

நானும் இதைச் செய்திருக்கிறேன். என் காலத்தில் அது தொண்ணூறு நிமிட கேசட். ஒரு மாதம் அதையே கேட்டேன், அப்புறம் அலுத்துவிட்டது. ஏன் என்று வெகுநாள் தெரியவில்லை. ஒருமுறை ஹெட்போனில் கேட்டபோதுதான் பிடிபட்டது: பாட்டுக்குப் பாட்டு அறை மாறுகிறது. ஜார்ஜின் பாட்டில் ஒரு பெரிய மண்டபம், எல்லாம் எதிரொலித்துக்கொண்டு. ஜானின் பாட்டில் ஜன்னலைச் சாத்திய சின்ன அறை. பாலின் பாட்டில் ஒரு வீடு. பீட்டில்ஸ் ஆல்பத்தில் பாட்டு யாருடையதாக இருந்தாலும் அறை ஒன்றுதான்.

அறை என்று நான் சொல்வது சுவரை மட்டும் இல்லை. ஒருவர் ஒரு மெட்டைக் கொண்டுவந்தால், மற்ற மூன்று பேரின் முகத்தையும் தாண்டித்தான் அது தட்டுக்குப் போக வேண்டும். குழு என்று நாம் சொல்கிறோமே, அதில் பாதி இந்த முகங்கள்தான். உங்கள் பட்டியலில் நால்வரின் பாட்டும் இருக்கிறது, அந்த முகங்கள் இல்லை. முகங்களுக்குப் பதிலாக நீங்கள் இருக்கிறீர்கள். நூற்றுக்கு எண்பதைத் தள்ளிவிட்டுப் பதினான்கை எடுத்தீர்கள் அல்லவா, அந்தத் தள்ளுகிற வேலையைத்தான் முன்பு அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருந்தார்கள். நீங்கள் அனுபவித்த சுகம் அதிலிருந்து வந்தது.

ஆனால் அந்த ‘வேண்டாம்’ எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. ஜார்ஜை எடுத்துக்கொள்வோம். ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்ற பாட்டை அவர் 1969 ஜனவரியில் குழுவுக்கு வாசித்துக் காட்டினார். சில தடவை ஒத்திகை பார்த்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். அதே ஜனவரி 10-ஆம் தேதி அவர் கிதாரை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், பிறகு திரும்பி வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாதம் 25-ஆம் தேதி அவருக்கு 26 வயது நிறைந்தது. அன்றைக்கு ஸ்டூடியோவுக்குத் தனியாகப் போய் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றில் ‘சம்திங்’கும் ‘ஓல்ட் பிரவுன் ஷூ’வும் குழுவுக்குப் போயின. மூன்றாவது இதுதான், அது போகவில்லை. பிறந்தநாளில் ஒரு ஆள் தன் பாட்டுக்குத் தானே எல்லா வாத்தியமும் வாசித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் என்னவோ செய்கிறது. அந்தப் பதிவு 1996-இல் ‘ஆந்தாலஜி’ மூன்றாம் தொகுப்பில் வெளிவந்தது. தேடிக் கேளுங்கள்.

ஆல்பத்துக்கு ஒன்று, இரண்டு என்று இடம் கிடைத்த மனிதர். தேங்கியிருந்தது முழுக்க 1970 நவம்பரில் மூன்று தட்டாக வந்தது. ‘இஸின்ட் இட் எ பிட்டி’ எழுதப்பட்டது 1966-இல். நான்கு வருடம் காத்திருந்த கோபத்துக்கு மூன்று தட்டு அதிகமில்லை என்று நான் வாதாடுவேன். ஆனால் மூன்றாவது தட்டில் நண்பர்கள் சேர்ந்து வாசித்துத் தள்ளியதற்கு வாதாட மாட்டேன். அங்கே ஒருவர் குறுக்கே வந்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் எதிரொலி மிகை என்று 2001 மறுபதிப்பில் ஜார்ஜே எழுதினார்.

‘மை ஸ்வீட் லார்ட்’ கதை இன்னும் பொருத்தம். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம். ஆனால் மெட்டு, 1963-இல் ஷிஃபான்ஸ் குழு பாடிய ‘ஹி இஸ் ஸோ ஃபைன்’ பாட்டின் மெட்டு. வழக்குப் போட்டார்கள். தெரிந்து திருடவில்லை, நினைவின் அடியில் கிடந்தது தன்னை அறியாமல் வந்துவிட்டது என்று 1976-இல் அமெரிக்க நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அப்படியும் பணம் கட்ட வேண்டியிருந்தது. பழைய அறையாக இருந்திருந்தால் வக்கீல் வரைக்கும் போயிருக்காது என்பது என் ஊகம். அமெரிக்கப் பெண்கள் குழுக்களின் பாட்டு அத்தனையும் ஜானுக்கும் பாலுக்கும் அத்துப்படி. முதல் நாளே ஒருவர் சிரித்திருப்பார்.

ஜானின் ஆல்பம் கதறல் என்கிறீர்கள். சரி, கதறல்தான். ‘மதர்’ பாட்டு மணியோசையில் ஆரம்பித்து அம்மா போகாதே, அப்பா வீட்டுக்கு வா என்ற அலறலில் முடிகிறது. ஐந்து வயதில் பெற்றோர் கைவிட்டு அத்தை வீட்டில்... இல்லை, பெரியம்மா என்று சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எல்லாரும் ஆன்ட்டி, நாமும் தடுக்கி விழுகிறோம். பெரியம்மா மிமியின் வீட்டில் வளர்ந்தவர். பதினேழு வயதில் அம்மா ஜூலியா கார் மோதி இறந்தார். ஆர்தர் யானோவ் என்ற உளவியல் சிகிச்சையாளரிடம் ஜான் 1970-இல் சிகிச்சைக்குப் போனார். குழந்தையில் அடக்கியதை வாய்விட்டு அலறி வெளியே கொண்டுவரும் முறை அது. ஆல்பம் அந்தச் சூட்டிலேயே செய்தது. இந்தப் பாட்டைப் பால் கேட்டிருந்தால் கடைசி அலறலைக் குறைக்கச் சொல்லியிருப்பார், நடுவில் ஒரு நல்ல ஹார்மனி போட்டிருப்பார், நமக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ‘மதர்’ கிடைத்திருக்காது. நால்வரின் தனிப் பாட்டுகளில் குழுவால் செய்திருக்கவே முடியாதது இதுதான். அடுத்த தடவை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். ரிங்கோ வாசிக்கிறார். வித்தை எதுவும் காட்டாமல், விழுகிறவனுக்குக் கீழே தரையைப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி. அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டீர்களே, அதற்குத்தான் இது.

ரிங்கோவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1970 மார்ச் கடைசியில் பாலின் ஆல்பத்தைத் தள்ளிப்போட வேண்டும், குழுவின் ‘லெட் இட் பி’ ஆல்பத்தோடு இடிக்கிறது என்று ஜானும் ஜார்ஜும் ஒரு கடிதம் எழுதினார்கள். அலுவலகப் பையனிடம் கொடுத்தனுப்ப மனமில்லாமல், நேரில் கொடுக்க ரிங்கோ போனார். பால் கத்தி, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். திரும்பி வந்த ரிங்கோ, அவருக்கு அந்தத் தேதி அவ்வளவு முக்கியம் என்றால் கொடுத்துவிடுவோம் என்று மற்ற இருவரையும் சம்மதிக்க வைத்தார். ஏப்ரல் 17-இல் ஆல்பம் வந்தது. பஞ்சாயத்துக்குப் போய் அடி வாங்கிவிட்டு, அடித்தவனுக்காகவே பேசுகிற ஆள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு.

அந்த ஆல்பம் பாதி வேலை என்பது உண்மைதான். வீட்டில் நான்கு டிராக் மெஷின் ஒன்றை வைத்து, மிக்ஸர்கூட இல்லாமல், மைக்கை நேரடியாக மெஷினில் சொருகிப் பாலே எல்லாவற்றையும் வாசித்தார். ‘மேபி ஐ’ம் அமேஸ்ட்’ மட்டும் முழுப் பாட்டு. பாலுக்கு மெட்டு குழாயைத் திறந்தால் வருவதுபோல வரும். மூடச் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் ஜான். அதற்குப் பிறகு அவருடைய நல்ல ஆல்பங்கள் வந்த இடங்களைப் பாருங்கள், யாராவது, எதுவாவது குறுக்கே நின்றிருக்கும். ‘பேண்ட் ஆன் த ரன்’னைப் பதிவு செய்ய 1973-இல் நைஜீரியாவின் லாகோஸுக்குக் கிளம்பும்போது அவருடைய புதுக் குழுவான விங்ஸில் இருவர் விலகிக்கொண்டார்கள். மிச்சம் பால், மனைவி லிண்டா, கிதார் வாசிக்கும் டென்னி லேன். போன இடத்தில் கத்தியைக் காட்டி மாதிரிப் பதிவு நாடாக்களைப் பறித்துக்கொண்டார்கள். எங்கள் இசையைத் திருட வந்தாயா என்று அந்த ஊர் இசைக்கலைஞர் ஃபெலா குட்டி வேறு கேட்டுவிட்டார். டிரம்ஸையும் பாலே வாசித்தார். ஊரே சேர்ந்து ‘வேண்டாம்’ என்றது, அவரும் ஒழுங்காக வேலை செய்தார். பின்னாளில் நைஜல் காட்ரிச் என்ற தயாரிப்பாளர், இந்தப் பாட்டு நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னபோது பாலுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஆளை மாற்றவில்லை. 2005-இல் ‘கேயாஸ் அண்ட் கிரியேஷன் இன் த பேக்யார்ட்’ ஆல்பம் அப்படி வந்தது. பின்னாளைய பாலில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

ஜார்ஜ் கடைசியில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார் என்று தோன்றுகிறது. 1996-இல் ரவிசங்கரோடு ‘சாண்ட்ஸ் ஆஃப் இண்டியா’ ஆல்பத்துக்காக நம் சென்னையில் பதிவு நடந்தபோது அவர் தயாரிப்பாளர் நாற்காலியில் இருந்தார். வேத மந்திரங்கள், இன்னொருவரின் இசை, முன்னால் வராமல் வேலை. முப்பது வருடத்துக்கு முன் சிதார் கற்கப் போனது முதல் ரவிசங்கர் அவருக்கு குரு. அவர் சொல்லும் ‘வேண்டாம்’ ஜார்ஜுக்கு வலிக்கவில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ரிங்கோவின் 1973 ஆல்பம். பெயரும் ‘ரிங்கோ’தான். மற்ற மூவரும் பாட்டுக் கொடுத்து வாசிக்கவும் செய்த தனி ஆல்பம் அது. நால்வரும் ஒரே அறையில் இல்லை, குழுவைக் கலைப்பது பற்றிய வழக்கு இன்னும் முடியாத காலம். ஆனால் ‘ஐ’ம் த கிரேட்டஸ்ட்’ பாட்டில் ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஜார்ஜும் ரிங்கோவும் எழுதிய ‘ஃபோட்டோகிராஃப்’ உங்கள் பட்டியலில் இருக்க முடியாது, வருடம் தாண்டிவிட்டது. விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவாக, ஜானும் ஜார்ஜும் இறந்தபின் பாலும் ரிங்கோவும் முடித்து 2023-இல் வெளியிட்ட பாட்டு, ‘நவ் அண்ட் தென்’. எழுபதுகளின் கடைசியில் ஜான் வீட்டுப் பியானோவில் கேசட்டில் பதிந்தது. 1995-இல் மற்ற மூவரும் அதை முடிக்க உட்கார்ந்து, சீக்கிரமே கைவிட்டார்கள். ஜார்ஜுக்குப் பிடிக்கவில்லை, நால்வரில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் செய்ய மாட்டோம் என்று பால் சொல்லியிருக்கிறார். கேசட்டில் பியானோ குரலை மூடிக்கொண்டிருந்ததுதான் காரணம், இப்போதைய தொழில்நுட்பம் இருந்திருந்தால் ஜார்ஜும் சேர்ந்திருப்பார் என்று ஒலிவியா ஹாரிசன் சொன்னார். அவர் ஜார்ஜின் மனைவி, அவருக்குத் தெரியும். பாட்டு அழகாகத்தான் இருக்கிறது, 1995-இல் ஜார்ஜ் வாசித்த கிதாரும் அதில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது மட்டும் நான் அவர் முகத்தைத் தேடுகிறேன்.

அன்புடன்.