முடக்குவாதத்தில் துணை தேடுபவர்களுக்கு: ஓ.பி. வரிசையிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: நான் 34 வயதுப் பெண். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். முடக்குவாதம் என்று சொல்லி ஏழு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் "இந்த வயசுல என்னத்த வாதம்" என்கிறார்கள். இதே நோய் உள்ளவர்களோடு தமிழில் பேச வேண்டும். எங்கே கண்டுபிடிப்பது?

பதில்:

"இந்த வயசுல என்னத்த வாதம்" என்ற அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன். முடக்குவாதம் மூட்டுத் தேய்மானம் இல்லை, முதுமையின் கோளாறும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிற நோய். முப்பதுகளில் தொடங்குவது சர்வசாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இது இருந்தது, அதில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். பொதுவாக நூறு பெரியவர்களில் அரை முதல் ஒருவர் என்பார்கள். அப்படியானால் உங்கள் பஞ்சாயத்திலேயே பலர் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பெரிய கூட்டம் தேடாதீர்கள். உங்களுக்குத் தேவை நான்கைந்து பேர். அதே நோய், ஏறக்குறைய அதே மருந்து, உங்கள் பஸ் போகிற தூரம். இந்த மூன்றும் பொருந்தினால் போதும். வெளிநாட்டுக் குழுக்களில் பேச்சில் பாதி அவர்கள் ஊர் இன்சூரன்ஸ் பற்றியே இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியாத கையைப் பற்றி அங்கே யாரிடம் கேட்பது?

எங்கே தேடுவது? முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை தருகிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நோய் கட்டுக்குள் வந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்ப்பார்கள். பல ஆஸ்பத்திரிகளில் வாத நோய் ஓ.பி. வாரத்தில் ஓரிரு நாள்தான். அதனால் அதே முகங்கள் அதே கிழமையில் திரும்பத் திரும்ப வரும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகிறீர்களோ, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்கோ, சித்தூர் வழியாகப் பாலக்காட்டுக்கோ, எங்கே போனாலும் ரத்தம் கொடுக்கிற இடத்துப் பெஞ்சில் உட்காருங்கள். டாக்டர் அறை வாசலில் எல்லோரும் டோக்கன் நம்பரைப் பார்த்துப் பதற்றமாக இருப்பார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் பேச்சு வரும்.

எப்படி ஆரம்பிப்பது என்று தயங்க வேண்டாம். "ஏனுங்க அக்கா, உங்களுக்கும் வாரத்துக்கு ஒருக்கா மாத்திரைங்களா?" என்று கேளுங்கள். முடக்குவாதக்காரர் என்றால் இந்தக் கேள்வி உடனே புரியும். புரியாமல் விழித்தால் அவருக்குப் பெரும்பாலும் வேறு மூட்டு நோய். இதைப் பிரித்தறிவது முக்கியம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருப்பவர்களும் நம் பக்கம் உண்டு. 2007-ல் கேரளம் முழுக்க அது எப்படிப் பரவியது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் வலியும் உண்மைதான். ஆனால் "வலிக்கும்போது மட்டும் மாத்திரை போட்டா போதும்" என்ற அவர்கள் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் இருப்பது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்குவது, இதெல்லாம் தெரிந்தவரே உங்களுக்குத் துணை.

டாக்டரிடமோ நர்ஸிடமோ மற்ற நோயாளிகளின் எண்ணைக் கேட்காதீர்கள். தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் எண்ணைக் கொடுங்கள். சின்னச் சீட்டுகளில் பெயர், ஊர், "தமிழ், மலையாளம் பேசுவேன்", போன் எண், கூப்பிட வசதியான நேரம் எழுதி ஐந்தாறு கொடுத்துவிட்டு, "என்னை மாதிரி யாராவது வந்தா இதைக் கொடுங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். விருப்பமுள்ளவர் கூப்பிடுவார். பிசியோதெரபி அறையிலும் இதையே செய்யலாம். ஆஷா ஊழியரிடமும், குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்கிற கேரளப் பெண்கள் குழுவிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மகளிர் குழுவிலும் சொல்லலாம். ஆனால் கல்யாணமாகாத பெண் யாராவது இருந்தால் அவர் பெயர் ஊர்க்கூட்டத்தில் அடிபடக் கூடாது. வரன் பார்க்கிற வீட்டில் இந்தப் பேச்சு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். எண் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்த ஆளின் முடிவு.

மூன்று பேர் சேர்ந்ததும் சந்திக்க ஆரம்பித்துவிடலாம். காலை எட்டு மணிக்கு வைக்காதீர்கள், யாருக்கும் விரலே பிரிந்திருக்காது. 11 மணி அல்லது பிற்பகல் 3 மணி. தரைத்தளம், பஸ் ஸ்டாண்ட் பக்கம், பாய் கூடாது. கைப்பிடி உள்ள நாற்காலி, உட்காரும் பலகை ஒரு முழமாவது (ஏறக்குறைய 18 அங்குலம்) உயரம் இருக்க வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிற வீடா என்று முன்கூட்டியே கேளுங்கள். இது இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வந்து போகிறவர்கள் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் எழுந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும். எந்தக் கிழமையில் யார் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மறுநாளைத் தவிர்த்துக் கூட்டத்தை வையுங்கள். பலருக்கு அன்று குமட்டலும் அசதியும் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இல்லையென்றால் மூன்றாம் முறையே அது புலம்பல் மடமாகிவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் மூட்டு நோயாளிகளுக்காக உருவாக்கிய சுய பராமரிப்புப் பயிற்சி உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஆறு வாரம், வாரம் ஒருமுறை சந்திப்பு. நடத்துகிறவர்களில் நோயுள்ளவர்களும் இருப்பார்கள். அதிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். "இனி நடப்பேன்" என்பது திட்டம் இல்லை. "திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு மாரியம்மன் கோயில் வரை 10 நிமிஷம் நடப்பேன்" என்பது திட்டம். பிறகு, "முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் வேலையைக் குறையுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். மூன்று நாளை இரண்டாக்கினால் ஒன்பது சொல்வார், செய்தும் விடுவார். அடுத்த வாரம் முதல் கேள்வி அதைப் பற்றித்தான். ஆளுக்கு நான்கு நிமிஷம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது.

கைவேலைப் பேச்சுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். டாக்டரின் ஐந்து நிமிஷத்தில் கிடைக்காதது அதுதான். வாணலியை ஒரு கையால் காதைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையால் அடியில் தாங்குவது. கரண்டிக் காம்பில் பழைய துணியையோ குழாய் உறையையோ சுற்றித் தடிமனாக்குவது. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்கும்போதுதான் விரல் மூட்டில் அழுத்தம் கூடுகிறது. துணியைப் பிழிய முறுக்காமல், குழாயில் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் சேர்த்து இழுப்பது. திருகு குழாயை மாற்றி நெம்பு வைத்த குழாய் போடுவது. குடத்தை இடுப்பில் வைக்காமல் பாதி பாதியாக வாளியில் எடுப்பது. மாவை ஒரே நாளில் மொத்தமாக ஆட்டாமல் இரண்டு தடவையாகப் பிரிப்பது. ரவிக்கை ஊக்குக்குப் பதில் ஒட்டு நாடா. வீக்கம் வருகிற விரலில் மோதிரத்தை முன்னாலேயே கழற்றுவது, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காலை இறுக்கத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைத்து விரலை மடக்கி நீட்டுவது. சிவந்து சூடாக வீங்கிய மூட்டுக்கு மட்டும் துணியில் சுற்றிய ஐஸ்.

மருந்தின் அளவை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. இதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் பேசி முடிவு செய்யுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள் எடுக்கும் மருந்து. அதைத் தினமும் விழுங்கிவிட்டால் எலும்பு மஜ்ஜையே அடங்கி உயிர் போகலாம். உலகம் முழுக்க இந்தத் தவறு நடந்திருக்கிறது. கிழமையை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும், வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கூடத் தருகிற ஃபோலிக் ஆசிட் வெறும் சத்து மாத்திரை இல்லை, வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பைக் குறைக்கத் தருவது. அதை விடக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 15 மில்லிகிராம், உங்களுக்கு 10 என்றால் அதற்குச் சிறுநீரகம், ஈரல், நோயின் வேகம் என்று காரணம் இருக்கும். பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையைச் சடாரென்று நிறுத்தச் சொல்கிறவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார். காய்ச்சல், வாய்ப்புண், விடாத வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே, அடுத்த மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதற்கு முன்னால், டாக்டரைக் கூப்பிடுங்கள். 34 வயது என்பதால் இன்னொன்று: குழந்தைக்குத் திட்டம் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளுனோமைட் இரண்டும் கருவுக்கு ஆபத்து. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றுக்கு மாற்ற வழி இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

"அப்போ ஆயுர்வேதம் வேண்டாமா" என்று கீழே வந்து சண்டை போடப் போகிறவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுப் பக்கத்தில் எண்ணெயும் கஷாயமும் இல்லாத வீடு கிடையாது. இதமாக இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். கஷாயம் குடித்தால் வாத நோய் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஈரல் பரிசோதனையில் எண் ஏறினால் அது மாத்திரையாலா கஷாயத்தாலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் எதிர்ப்பது ஒன்றைத்தான். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வருகிற பொடியும் மாத்திரையும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படத்தான் வேண்டும். குழுவுக்குள் விற்பனைக்காரர் நுழைவதும் இந்த வழியாகத்தான். "எனக்குச் சரியாச்சு, என் தம்பிகிட்ட கிடைக்கும்" என்று தொடங்கும். முதல் தடவை சொல்லிப் பாருங்கள், இரண்டாம் தடவை வெளியே அனுப்பிவிடுங்கள். மரியாதை பார்த்தால் குழு போய்விடும்.

வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், குரல் பதிவு போதும். வீங்கிய விரலால் தட்டச்சு செய்ய வைப்பது கொடுமை. மருந்துச் சீட்டைப் படம் எடுத்துப் போடக் கூடாது. இந்த நோயில் மனச்சோர்வு மிகவும் சாதாரணம். ஒருவர் தொடர்ந்து தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாரத்தைக் குழு மட்டும் சுமக்க முடியாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். அவர் போன் செய்யத் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.

கேட்காததையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. ஆனால் நடப்பில் கையில் நீட்டுவது மலையாளப் படிவம். "யாரையாவது விட்டு எழுதி வாங்கிட்டு வா" என்கிறார்கள். விரல் மடங்காத ஒரு பெண் தன் நோயை ஜெராக்ஸ் கடையில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லி எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிப்போனவர்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இயக்கக் குறைபாட்டின் கீழ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், 40 சதவீதம் இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி. படிவத்துக்குப் பயந்தே எத்தனை பேர் போகாமல் இருக்கிறார்கள்! உங்கள் குழுவில் மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவர் சேர்ந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

வீட்டாருக்கு வருவோம். நீங்களே எடுத்துச் சொல்லி அவர்களை நம்பவைக்கப் பாடுபட வேண்டாம். இரண்டு மூன்று சந்திப்பு ஆனபிறகு எல்லோரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரும்படி ஒரு நாள் வையுங்கள். மாமியாரோ கணவரோ யாராக இருந்தாலும் சரி. அன்று நோயாளிகள் குறைவாகப் பேசுங்கள். இன்னொரு வீட்டு மாமியார், "காலைல பத்து மணி வரைக்கும் என் மருமகளுக்குக் கை வராதுங்க, அப்புறம் வீட்டு வேலை எல்லாம் பாத்துக்குவா" என்று சொல்வதைக் கேட்டால் உங்கள் வீட்டு மாமியார் நம்புவார். அது நடக்கும் வரை, அடுத்த ஓ.பி.க்கு அவரையே துணைக்கு அழைத்துப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார வையுங்கள். உங்கள் வயதுப் பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவரே பார்த்துக்கொள்வார்.