விண்டர் டயரைக் கோடையிலும் ஓட்டித் தீர்க்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் ஒரு பழைய கார் வாங்கினேன். கூட வந்தது விண்டர் டயர் மட்டும்தான். பட்டன் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. “கோடைக்குத் தனியாக எதற்குச் செலவு? இதையே ஓட்டித் தேய்த்துவிட்டு அக்டோபரில் புதுசு போட்டுக்கொள்” என்கிறார் நண்பர். ஆகஸ்டில் குடும்பத்தோடு இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகிறோம். சட்டப்படி தப்பா?

பதில்: ஜெர்மனியில் தப்பில்லை. அங்கே சட்டம் கேட்பது, சாலையில் பனியோ ஐஸோ இருக்கும்போது அதற்கேற்ற டயரைத்தான். கோடையில் விண்டர் டயர் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ‘ஓ முதல் ஓ வரை’ என்பார்களே, ஒக்டோபரிலிருந்து ஓஸ்டர்ன் (ஈஸ்டர்) வரை விண்டர் டயர் என்று, அதுகூட வழக்கம்தான், சட்டம் அல்ல.

ஆனாலும் நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். காரணம் பிரேக்.

விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இறுகாமல் இருப்பதற்காகவே மென்மையாகச் செய்யப்படுகிறது. பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். பனியைக் கவ்விப் பிடிப்பது அவைதான். சூடான தாரில் இதுவே பாதகமாகிவிடுகிறது. பிரேக் போட்டதும் பட்டன்கள் நெளிகின்றன. ஒரு மே மாதம் டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு, நல்ல வெயிலில் ஆட்டோபானில் (ஜெர்மன் விரைவுச்சாலை) லேன் மாறினேன். ஸ்டீயரிங் திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் கார் திரும்பியது. வீட்டுக்கு வந்து டயரைத் தடவினால், பட்டன் ஓரமெல்லாம் அழிரப்பர் துகள் மாதிரி உருண்டு கிடந்தது.

100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த சாலையிலேயே சம்மர் டயரைவிட 16 மீட்டர் வரை கூடுதலாக ஓடுகிறது என்று ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி சோதித்துச் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் 40 மீட்டரில் நின்றுவிடுகிறது, இன்னொன்றுக்கு 56 மீட்டர் வேண்டும் என்றால், முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 50 கி.மீ.க்கு மேல். பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதில் போய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் இத்தாலி. அங்கே சட்டமும் குறுக்கே வரும். மே 16 முதல் அக்டோபர் 14 வரை, கார் பதிவுச் சான்றில் உள்ளதைவிடக் குறைந்த வேகக் குறியீடு (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) கொண்ட விண்டர் டயரை ஓட்டக் கூடாது. அபராதம் 400 யூரோவைத் தாண்டும். உங்கள் சான்றில் 15.1, 15.2 கட்டங்களைப் பாருங்கள். டயர் அளவுக்குப் பின்னால் ஒரு எழுத்து இருக்கும். டி என்றால் 190 கி.மீ., ஹெச் 210, வி 240. சான்றில் வி, டயரில் ஹெச் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, கையில் இருக்கும் டயரை என்ன செய்வது? அதன் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 3619 என்றால் 2019-இன் 36-ஆவது வாரம் தயாரானது. எட்டு வருஷம் தாண்டவில்லை என்றால், கழற்றிப் பத்திரமாக வையுங்கள். 5 மி.மீ. பட்டனுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும். பனிக்கு 4 மி.மீ.யாவது வேண்டும், 2 யூரோ நாணயத்தின் வெள்ளி ஓரம் பட்டன் பள்ளத்தில் முழுசாக மறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு செட் என்பது இரட்டைச் செலவும் அல்ல. ஒன்று ஓடும்போது மற்றொன்று தேயாமல் கிடக்கிறது.

சம்மர் டயர் வாங்கும்போது லேபிளில் ஈரச்சாலைப் பிடிப்பு ஏ அல்லது பி இருக்கட்டும். ரிம்மோடு வாங்கினால் வருஷா வருஷம் மாற்றுவது சுலபம்; ஆனால் உங்கள் காருக்குச் சக்கரத்துக்குள் காற்றழுத்த சென்சார் தேவையா என்று முதலில் கேளுங்கள். தேவையென்றால் விலை கூடும். ஊருக்குள் மட்டும் கொஞ்சமாக ஓட்டுபவர் என்றால் எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசன் டயரே போதும் என்பேன். ஆல்ப்ஸைத் தாண்டப் போகிற உங்களுக்கு அது வேண்டாம்.

மாற்றிய பின் 50 கி.மீ. ஓட்டிவிட்டு, வீல் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டாவுக்குக் கிளம்பும் முன்பே.