தாத்தாவின் மான்தோலை ஹாலில் மாட்டலாமா?

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரியில் கட்டிய புது வீட்டில், தாத்தா பூஜைக்கு உட்கார்ந்த மான்தோலைச் சட்டம் போட்டு மாட்டலாமா, தரைக்கு ஆட்டுத்தோல் விரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மான்தோலை மாட்ட வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடைமைச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். பரம்பரையாக வந்தது என்றாலும் அறிவித்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். 2003இல் அதற்கென்று 180 நாள் அவகாசம் தந்தார்கள். அப்போது வீட்டில் யாராவது மனு போட்டார்களா என்று பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள். சான்று இருக்கிறதா? வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால், அந்தச் சட்டத்தின் 2022 திருத்தப்படி தாமாக முன்வந்து ஒப்படைக்கலாம், பணம் ஏதும் தர மாட்டார்கள். காகிதம் கிடைக்கவில்லை என்றால், முதலில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அதுவரை யாருக்கும் விற்காதீர்கள், சும்மாகூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சுவரில் தாத்தாவின் போட்டோ இருக்கட்டும்.

ஆட்டுத்தோலுக்குத் தடை இல்லை. பதனிட்டதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வெறும் உப்பு தடவிக் காய வைத்த தோல் ஐப்பசி ஈரத்தில் நாறும். என் வீட்டில் ஒன்று பத்தே நாளில் அடியில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது, முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. தண்ணீரில் நனைக்காதீர்கள், உச்சி வெயிலிலும் போடாதீர்கள், விறைத்துப் போகும்.

அப்புறம், சிறுத்தைப் புள்ளி ஆசை இருந்தால் பாலியஸ்டர் குஷன் உறை போதும். துவைக்கலாம், பூச்சி அரிக்காது. வாங்கும்போது முடியைப் பிரித்துப் பாருங்கள்: அடியில் நெசவு தெரிந்தால் செயற்கை.