மறியலும் மண்டபமும்

அன்புள்ள சார்,

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2010 டிசம்பரில் நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. அரசு ரகசியங்களை வெளியிட்டுவந்த விக்கிலீக்ஸ் தளத்துக்கு நன்கொடை போகும் வழியை பேபால், விசா, மாஸ்டர்கார்டு மூன்றும் அடைத்தபோது, அவர்களுடைய தளங்களை முடக்கச் சொல்லி ‘அனானிமஸ்’ என்ற முகம் காட்டாத ஹேக்கர் கூட்டம் அழைப்பு விடுத்தது. ஹாஸ்டல் அறையில் ஒரு சின்ன மென்பொருளை இறக்கினேன். முகவரியைப் போட்டு பட்டனை அழுத்திவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மாஸ்டர்கார்டு தளம் விழுந்துவிட்டதாகச் செய்தி. பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

இன்று ஒரு வங்கியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். யாராவது இப்படிச் செய்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குத்தான் போன் வரும். என் டீம் லீடர் இது சுத்தமான கிரிமினல் வேலை என்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சட்டத்தை மீறி உப்பு அள்ளியதும் சட்டத்தை மீறி சர்வரை அடைத்ததும் ஒன்றுதானா? முகமூடி போட்ட சத்தியாகிரகி என்று ஒருவர் இருக்க முடியுமா?

(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை வெளியிடவில்லை. அந்த அடைப்புக்குறி வரிக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றுவிட்ட இடம் வேறு: “பட்டனை அழுத்திவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டேன்.”

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு சாலை மறியலில் கைதானேன். குடிதண்ணீர்ப் பிரச்சினை. பத்து மணிக்குக் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம். பத்தரைக்கு வேன் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் துவண்டு கிடந்தது. ஏட்டு ஒருவர் மணமேடை ஓரத்தில் நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெயர், அப்பா பெயர், வயது, தெரு. என் பெயரைச் சொல்லும்வரை வீரமாகத்தான் இருந்தேன். அப்பா பெயர் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம். சாயங்காலம் ஆறு மணிக்கு, “போங்கப்பா, வீட்டுக்கு ஒழுங்கா போய்ச் சேருங்க” என்று விட்டுவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நான் யோசித்ததெல்லாம் அந்த நோட்டையும் அந்த மண்டபத்தையும் சுற்றித்தான்.

முதலில் உங்கள் டீம் லீடரோடு ஒரு சண்டை. டிடாஸ், அதாவது நீங்கள் செய்தது போலக் கோரிக்கைகளைக் குவித்து ஒரு தளத்தைத் திணறடிப்பது, பூட்டை உடைத்து உள்ளே போவதில்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கடவுச்சொல் திருடு போவதில்லை, கோப்பு அழிவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் எந்தச் சதியும் இல்லாமலே அது நடக்கிறது. திட்டம் போட்டு நடத்தினால் அதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: மறியல். (இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறை. இந்த விஷயத்தில் அவர்கள் அகராதிதான் துல்லியம் என்று தோன்றுகிறது.) கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2010 டிசம்பரிலேயே இதைத் தெருவில் கூடும் ஆர்ப்பாட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். பழைய ஹேக்கர் குழுக்களில் சிலர் அதை ஏற்கவே இல்லை. எதிராளியின் வாயைப் பொத்துவது பேச்சுரிமைக்கான போராட்டம் ஆகாது என்பது அவர்கள் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்த மறியல் என்று பார்க்காமல் பொதுவாகப் பேசி ஒரு பிரயோசனமும் இல்லை.

1997 டிசம்பர் 22 அன்று மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், ஆக்தியால் என்ற கிராமத்தில், பிரார்த்தனையில் இருந்த 45 பழங்குடி மக்களை ஆயுதக் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. அடுத்த வருடம் ரிக்கார்டோ டொமிங்கெஸ் உள்ளிட்ட நான்கு பேர் ஃப்ளட்நெட் என்று ஒரு நிரலை எழுதி, ஆதரவாளர்களைச் சேர்த்துக்கொண்டு மெக்சிகோ அரசின் தளங்களை நெரித்தார்கள். அந்த நிரல் சர்வரிடம் இல்லாத பக்கங்களைக் கேட்கும். ‘மனித உரிமைகள்’ என்றொரு பக்கத்தைக் கேட்டால், “மனித உரிமைகள் இந்த சர்வரில் இல்லை” என்று சர்வர் தானே பதில் சொல்லும். ஆக்தியாலில் இறந்தவர்களின் பெயர்களையும் அப்படியே கேட்டார்கள். கேட்கக் கேட்க அந்தப் பெயர்கள் அரசாங்கக் கணினியின் பிழைப் பதிவேட்டில் வரி வரியாக ஏறின. ஏட்டின் நோட்டில் போராடியவர்கள் பெயர் இருக்கும். இங்கே செத்தவர்கள் பெயரை அரசே எழுதிக்கொண்டது. தளம் விழுந்ததா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்த நான்கு பேரும் தங்கள் சொந்தப் பெயரில் இதைச் செய்தார்கள்.

இன்னொன்று ஜெர்மனியில். ஆமிர் அகீப் என்ற சூடான்காரரை 1999 மே மாதம் லுஃப்தான்சா விமானத்தில் ஏற்றி நாடு கடத்தினார்கள். கை காலைக் கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, காவலர்கள் அழுத்திப் பிடித்ததில் மூச்சுத் திணறி விமானத்திலேயே இறந்தார். இப்படி ஆட்களை ஏற்றிச் செல்லும் வியாபாரத்தை லுஃப்தான்சா நிறுத்த வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. 2001 ஜூன் 20, பங்குதாரர் கூட்டம் நடக்கும் நாள். அன்று இரண்டு மணி நேரம் அந்தத் தளத்தை மறிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்தார்கள். ஆர்ப்பாட்டத்துக்கு எழுதிக் கொடுப்பதைப் போல நகர நிர்வாகத்துக்கும் தெரிவித்தார்கள். 13,000க்கும் மேற்பட்ட கணினிகள் கலந்துகொண்டன. தளம் திணறியது. கெடு முடிந்ததும் விலகிக்கொண்டார்கள்.

வழக்கு வந்தது. அழைப்பு விடுத்த இணையதளத்தின் பொறுப்பாளருக்கு 2005இல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் கீழ் நீதிமன்றம், கட்டாயப்படுத்திய குற்றத்துக்காக அபராதம் விதித்தது. 2006 மே மாதம் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதில் வன்முறையும் இல்லை, மிரட்டலும் இல்லை, பொதுக் கருத்தைத் திருப்பும் முயற்சிதான் என்றது. ‘ஆன்லைன் மறியல் சட்டப்படி சரி’ என்று அந்தத் தீர்ப்பை யாரும் ரொம்ப நாள் கொண்டாட முடியவில்லை. அடுத்த வருடமே ஜெர்மனி கணினி நாசவேலைச் சட்டத்தை விரித்து எழுதிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட முக்கியமாகப் படுவது ஆட்கணக்கு. அவ்வளவு பேர் சேர்ந்ததால்தான் தளம் திணறியது. ஆயிரம் பேர் மட்டும் வந்திருந்தால் திணறியிருக்காது. மக்கள் வராத மறியல் தானாகத் தோற்க வேண்டும். மறியலுக்கு இருக்கும் மரியாதையே அதில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் ஹாஸ்டல் அறைக்கு வருவோம்.

அந்தச் சண்டையின் தொடக்கம் நம் பக்கத்து ஊர் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. 2010 செப்டம்பரில், பெங்களூரில் இயங்கிய ஒரு மென்பொருள் நிறுவனம், திருட்டுப் படம் பகிரும் தளங்களைப் படக் கம்பெனிகளுக்காகத் தாங்களே டிடாஸ் செய்து முடக்குவதாக வெளிப்படையாகப் பேசியது. அதற்குப் பதிலடியாகக் கிளம்பியதுதான் ‘ஆபரேஷன் பேபேக்’. டிசம்பரில் அது விக்கிலீக்ஸ் பக்கம் திரும்பியது. நீங்கள் இறக்கிய மென்பொருள் லோ ஆர்பிட் அயன் கேனனாகத்தான் இருக்கும். அதில் ‘ஹைவ் மைண்ட்’ என்று ஒரு வசதி உண்டு. அதைத் தட்டிவிட்டால் உங்கள் கணினியின் கடிவாளம் ஐஆர்சி என்ற இணைய அரட்டை அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கைக்குப் போய்விடும். எந்த முகவரியைத் தாக்குவது, எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. நீங்கள் மெஸ்ஸில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் கணினி யாரை மறித்துக்கொண்டிருந்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

அதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. அந்த நாட்களில் தளங்களைச் சாய்த்த பலத்தில் பெரும்பங்கு உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான மாணவர்களுடையது இல்லை. ஓரிருவர் கையில் இருந்த போட்நெட்டுகளுடையது. வைரஸ் ஏறிய கணினிகளின் மந்தை அது. ஏதோ ஒரு ஊரில் கிளினிக்கில் ரசீது போடும் கணினி, தன் முதலாளிக்கே தெரியாமல் அமெரிக்கக் கம்பெனியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர் மாநாடுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து லாரியில் ஆள் ஏற்றுவார்கள். அந்த ஆளுக்காவது கூலியும் பிரியாணியும் உண்டு, எங்கே போகிறோம் என்றும் தெரியும். போட்நெட்டில் சேர்ந்தவருக்கு அதுகூடக் கிடையாது. அடுத்தவர் கையைத் திருடி எறிந்த கல்லை அவர் சார்பில் நடந்த போராட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், எறிந்த காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ஆக, சியாபாஸுக்காக நடந்ததையும் லுஃப்தான்சா மறியலையும் ஒத்துழையாமை என்று நான் தயங்காமல் சொல்வேன். பேபால் விவகாரத்தில் நீங்கள் ஒத்துழையாமை செய்ய வந்தவர். உங்களை முன்னால் நிறுத்தி வேறு யாரோ வேறு வேலையை நடத்திக்கொண்டார்கள்.

சரி, அப்படியானால் டீம் லீடர் சொல்வதுதான் சரியா? இல்லை. இங்கேதான் மண்டபம் வருகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 38 வயதுக்காரர் ஒருவர் 2011இல் கோக் இண்டஸ்ட்ரீஸ் (Koch) என்ற பெரிய கம்பெனியின் தளத்தின் மீது இதே மென்பொருளை ஒரு நிமிடம் ஓட்டினார். ஒரே நிமிடம். தளம் கால் மணி நேரம் கிடையாகக் கிடந்தது. நேரடி நஷ்டம் 5,000 டாலருக்கும் குறைவு. 2013 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடு, 1,83,000 டாலர் கட்டும்படி தண்டனை விதித்தது. கம்பெனி தன் தளத்தைக் காக்க வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர்களுக்குக் கொடுத்த பணம் அது. ரோட்டில் உட்கார்ந்தவனிடம் மாற்றுப் பாதை போட்ட செலவையும் இன்ஜினியர் சம்பளத்தையும் வசூலிப்பது மாதிரி. அதே மாதம் பேபால் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட 13 பேருக்குத் தலைக்கு 5,600 டாலர் விழுந்தது. பேபாலின் அன்றைய தாய் நிறுவனமான ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிடியாரே அவர்களிடம் கருணை காட்டும்படி எழுதினார். இதே தாக்குதலை ஒருங்கிணைத்த இளைஞர் ஒருவருக்கு லண்டன் நீதிமன்றத்தில் பதினெட்டு மாதச் சிறை.

நம் நாட்டிலும் கதை இதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு எதிரான நோக்கம் என்று சேர்த்துவிட்டால் 66எஃப், ஆயுள் வரை போகும். 2012இல் ஒரு தமிழ்ப் படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடையுத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே மூடியபோது, அனானிமஸ் பெயரில் உச்ச நீதிமன்றத் தளத்தையும் காங்கிரஸ் கட்சித் தளத்தையும் முடக்கினார்கள். சில வாரம் கழித்து அதே கோரிக்கையோடு முகமூடி மாட்டிக்கொண்டு மும்பை ஆசாத் மைதானத்துக்கும் வந்தார்கள். மைதானத்தில் நின்றவனை என்ன செய்வது என்று போலீஸுக்குத் தெரியும். தளத்தை மறித்தவனுக்குச் சட்டத்தில் திருடனின் இடம் இருக்கிறது, பயங்கரவாதியின் இடம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் இடம் மட்டும் இல்லை. அந்த மண்டபத்தை இணையத்துக்கு யாரும் இன்னும் கட்டவில்லை.

பெயர் வைப்பதில் உள்ள அவசரத்துக்குத் தமிழர்களிடமே ஓர் உதாரணம் உண்டு. 1998 வாக்கில் தங்களை இணையக் கரும்புலிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பினார்கள். இணையப் பயங்கரவாதம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் அதுதான் முதல் உதாரணமாக இன்றும் திரும்பத் திரும்ப வருகிறது. அனுப்பியவர்கள் சூட்டிக்கொண்ட பெயர் அப்படி, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எண்ணூறு மின்னஞ்சல் என்பது பண்டிகைத் தள்ளுபடி வாரத்தில் என் இன்பாக்ஸில் விழுவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கடைசியாக, முகமூடி. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியோடு திருச்சியிலிருந்து கிளம்பிய நூறு பேரும் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். ராஜாஜி உப்பு அள்ளி ஆறு மாதச் சிறைக்குப் போனார். ஆனால் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள்? தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். எந்தப் பொட்டலத்திலும் பெயர் இல்லை. அவர்களையும் சத்தியாகிரகிகள் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். அவர்கள் மறைந்திருந்து யாருடைய வழியையும் அடைக்கவில்லை. கட்டியது அவரவர் வீட்டுச் சோறு, அவரவர் கையால். முகமூடி போட்ட சத்தியாகிரகி உண்டா என்றால், உண்டு, சோறு கட்டும்போது. அடுத்தவன் வாசலில் போய் நிற்கும்போது அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. கொடுங்கோல் ஆட்சிகளில் இதைச் சொல்வது சுலபம் இல்லை என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள், அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த மென்பொருள் உங்கள் கணினியின் இணைய முகவரியை மறைக்கவே இல்லை. பேபால் ஏறத்தாழ ஆயிரம் ஐபி முகவரிகளை எடுத்து எஃப்பிஐயிடம் கொடுத்தது. முகமூடி போட்டிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் ஹாஸ்டலின் எண் எங்கேயோ ஒரு நீள நோட்டில் ஏறியிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அன்று மெஸ்ஸில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? அந்த எலுமிச்சை சாதத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்.