கேள்வி – பதில்: விடுதிக் கழிவும் வளாகப் பறவையும்

எங்கள் கல்லூரி விடுதியில் 700 பேர். மெஸ் கழிவுக்குப் பயோகேஸ் கலன் அமைக்க நிர்வாகம் யோசிக்கிறது. பல இடங்களில் இது ஓராண்டில் நின்றுவிடுகிறதாமே?
– விடுதிக் காப்பாளர், நாமக்கல்

கலனுக்கு விலை கேட்கும் முன் தராசு வாங்குங்கள். காய் நறுக்கிய கழிவு, அண்டாவில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது என மூன்று வாளிகள் வைத்து ஒரு வாரம் எடை போடுங்கள். அண்டாவில் மிஞ்சினால் சமையல் கணக்கில் தப்பு. வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறவர்களின் எண்ணிக்கையை வியாழனே வாங்கிவிடுங்கள். தட்டில் மிஞ்சினால் கரண்டியின் அளவையும், கூச்சப்படாமல் ருசியையும் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் கலன் வைத்தால், வீணடிப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகும் நாளொன்றுக்கு 100 கிலோ தேறினால் கலன் லாபம்தான். சுமார் 8 முதல் 10 கன மீட்டர் வாயு வரும். ஏறத்தாழ 4 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஐந்து நாளுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிஞ்சும்.

கலன் நின்றுபோக முக்கியக் காரணம் செமஸ்டர் விடுமுறை. ஒரு மாதம் தீனி இல்லாமல் கிடந்த கலனில், விடுதி திறந்த முதல் நாளே முழுக் கழிவையும் கொட்டுவார்கள். அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். எரியும் வாயுவான மீத்தேனைத் தருபவை மெல்லத்தான் பெருகும். உள்ளே புளித்துப்போய் வாயு நின்றுவிடும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6.5க்குக் கீழே போனால் தீனியை நிறுத்துங்கள். சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்பு நீரும் விட்டு, 7ஐ ஒட்டி வந்தபின் தொடருங்கள். விடுமுறையிலும் சாணமோ அரைத்த காய்கறிக் கழிவோ சிறிதளவு போட ஆள் வேண்டும். திறந்ததும் கால் பங்கில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள்.

எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு, வாழையிலை, பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் எதுவும் உள்ளே போகக் கூடாது.

சுற்றுச்சூழல் பாடத்தை எல்லாப் பட்டப்படிப்பிலும் கட்டாயம் ஆக்கியது யார்? மாணவர்கள் அதைக் கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்து தள்ளுகிறார்களே?
– பேராசிரியர், கும்பகோணம்

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் தொடக்கம். பின்பு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்திலேயே 25 மதிப்பெண் களப்பணிக்கு இருந்தது. பல கல்லூரிகள் அதைச் சுவரொட்டி வரைந்து கழித்தன. மேலே சொன்ன எடைக் கணக்கைக் களப்பணியாகக் கொடுங்கள். விடுதிக்கும் புள்ளிவிவரம் கிடைக்கும்.

'உலகக் குடிமை' என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். வெளிநாடு போக வசதியில்லாத எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
– இளங்கலை மாணவி, சிவகங்கை

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.7ஆவது இதைக் குறிப்பிடுகிறது. படித்துவிட்டுக் களத்தில் இறங்குங்கள். பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தியாவில் அதையொட்டி வளாகப் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுக்கென்றே தனியாக ஒன்று. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்தவற்றை 'இ-பேர்ட்' செயலியில் ஏற்ற வேண்டும். நீங்கள் எண்ணிய மைனாவும், வேறொரு கண்டத்தில் எண்ணிய சிட்டும் ஒரே தரவுத்தளத்தில் சேரும். ஆய்வாளர்கள் இரண்டையும் பயன்படுத்துவார்கள்.

புதியவர்கள் செய்யும் தவறு, காக்கையை விட்டுவிட்டு அபூர்வப் பறவையை மட்டும் எழுதுவது. அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல். அப்போதுதான் ஒரு பறவை அங்கே 'இல்லை' என்பதும் தகவலாகும். எண்ணிக்கை தெரியாவிட்டால் உத்தேசமாக ஓர் எண் போடுங்கள். நாள் முழுதும் சுற்றியதை ஒரே பட்டியலாக்காமல், விளையாட்டுத் திடல், குளக்கரை, விடுதித் தோட்டம் எனத் தனித்தனியாக ஏற்றுங்கள். அந்த இடங்களின் பெயரை எழுதி இரண்டாமாண்டு மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த பிப்ரவரியில் அவர்களும் அதே இடங்களில் எண்ண வேண்டும்.