பொத்தானுக்குப் பின்னால் ஒரு திருகு: ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் குறித்த கேள்வி-பதில்

கேள்வி (குலசேகரம்): ரப்பர் தோட்டத்துக்குச் சென்று வருவதற்காகப் புதிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருக்கிறேன். இதில் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் இல்லை; சிறிய பொத்தான் மட்டுமே இருக்கிறது. சரிவில் நிறுத்தியிருக்கும்போது பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி உருண்டுவிடாதா?

பதில்: உருளாது. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரக் காலிப்பர் (டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பகுதி) ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறிய மோட்டார் இருக்கும். பொத்தானை இழுத்ததும் அந்த மோட்டார் பற்சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுழற்றும்; தண்டின் மேல் முன்னேறும் நட்டு பிஸ்டனை உள்ளிருந்து தள்ளி, பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு உயர்கிறது என்பதைக் கொண்டே இறுக்கம் போதுமா என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்து, உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு வண்டியைப் பிடித்து நிற்பது திருகின் மரைதான். திருகு ஜாக்கியில் வண்டியைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியை விட்டாலும் வண்டி கீழே இறங்குவதில்லை அல்லவா, அதே தத்துவம்தான் இங்கும். எனவே பேட்டரி இறங்கினால் பிரேக் விடுபடாது என்பதுதான் தொல்லையாக இருக்குமே தவிர, பிடி தளரும் என்ற அச்சம் வேண்டாம்.

வேறொரு வகையில், ஒரே மோட்டார் இரண்டு கேபிள்களை இழுத்து, பின் டிஸ்க்கின் நடுவே இருக்கும் சிறிய டிரம்மில் ஷூக்களை விரிக்கும். அந்த வகையில் ஷூ இடைவெளியை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். சேறு புகுந்தால் கீச்சென்ற சத்தம் வரும்.

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து இறங்கி வந்து நிறுத்திய சில நிமிடங்களில், யாரும் இல்லாத வண்டியின் பின்புறத்திலிருந்து ‘உர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கலாம். சூடாக இருந்த டிஸ்க் ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால், பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே மறுமுறை இறுக்கிக்கொள்கிறது. அது பழுதன்று.

கேள்வி (கீரிப்பாறை): மழையில் நனைந்த சரிவில் நிறுத்தி ஆட்டோமேட்டிக் கியரை ‘பி’ (பார்க்) நிலையில் போட்டேன். காலை எடுத்ததும் வண்டி ஒரு சாண் பின்னால் சென்று ‘டக்’ என்று நின்றது. பிரேக் பலவீனமாகிவிட்டதா?

பதில்: வண்டி நின்றது பிரேக்கால் அன்று; கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கி பல்லில் விழுந்ததால் நின்றது. அந்தக் கொக்கிக்கும் சக்கரத்துக்கும் இடையில், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், தண்டுகள், இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் ஆகியவை இருப்பதால், அவை அனைத்திலும் உள்ள சிறு தளர்வுகள் சேர்ந்தே அந்த ஒரு சாண் நகர்வாகின்றன. கால் பிரேக்கை மிதித்தபடியே கியரை ‘என்’ (நியூட்ரல்) நிலைக்குக் கொண்டுவந்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, காலை மெதுவாக எடுத்து வண்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகே ‘பி’ போடுங்கள். பாரம் பிரேக்கின் மேல் விழும், கொக்கி பிழைக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றை ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் அனைவரும் மனத்தில் வைக்க வேண்டும். தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டிகளில், அது நியூட்ரலில் இருந்தால் கியர் பெட்டிக்கும் நான்கு சக்கரங்களுக்கும் எந்தத் தொடர்பும் இராது. அப்போது ‘பி’ போட்டாலும் முதல் கியர் போட்டாலும் வண்டி நிற்காது. பின்சக்கரங்களில் உள்ள பார்க்கிங் பிரேக் ஒன்றே துணை. ஆகவே சரிவில் நின்றுகொண்டு 4-எச் எனும் வேக நிலையிலிருந்து 4-எல் எனும் மெதுவான இழுவை நிலைக்கு மாற்ற முயலாதீர்கள்; மாறும் வழியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலைக் கடக்கும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே சமதளத்தில் மாற்றிவிடுங்கள்.

வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கி இருந்தால் பாரம் முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரங்களின் பிடி குறையும். சரளைக் கல்லிலும் நனைந்த ரப்பர் சருகிலும் பூட்டிய சக்கரம் பூட்டியபடியே சறுக்கும். தேவைக்கு மட்டும் 4-எச், 4-எல் போடும் வகை வண்டிகளில் அந்த நிலையிலேயே விட்டு நிறுத்தினால் முன் தண்டும் பின் தண்டும் பிணைந்திருக்கும் என்பதால், பின் பிரேக்கின் பிடி முன்சக்கரங்களுக்கும் சென்று சேரும். அப்படி நிறுத்தினாலும் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைப்பதை நான் இன்றும் விடவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): நெரிசலில் ‘ஆட்டோ ஹோல்டு’ போட்டு நிற்கிறேன். அதுவும் பார்க்கிங் பிரேக்தானா?

பதில்: இல்லை. ஆட்டோ ஹோல்டு பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் சக்கரங்களைப் பிடித்து வைக்கிறது. சில நிமிடங்கள் கடந்தாலோ, கதவைத் திறந்தாலோ, சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ பல வண்டிகள் தாமாகவே திருகு பிரேக்குக்கு மாறிக்கொள்ளும். அதை நம்பி இறங்காமல், பொத்தான் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி (கருங்கல்): வளைகுடாவில் வேலை செய்கிறேன். வண்டி வீட்டில் 5 மாதம் வரை ஓடாமல் நிற்கும். சென்ற முறை ஊருக்கு வந்தபோது பேட்டரி இறங்கி, பின்சக்கரங்கள் அசையவே இல்லை. மீட்பு வண்டிக்காரர் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துச் செல்லலாம் என்றார்.

பதில்: அதற்குச் சம்மதிக்காதீர்கள். பூட்டிய பின்சக்கரங்களைத் தரையில் இழுத்தால் டயர் தேயும். இரண்டு சக்கரங்கள் மட்டும் தரையில் உருண்டாலோ, பல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸும் இடைப்பட்ட கிளட்ச்சும் வெந்துபோகும். நான்கு சக்கரங்களும் மேலே ஏறும் தட்டு வண்டிதான் வேண்டும். பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து வண்டியை இயக்கி, கால் பிரேக்கை மிதித்தபடி பொத்தானை அழுத்தினால் மோட்டார் திருகைத் திருப்பி எடுத்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்வதால், மாதக்கணக்கில் இறுகி நிற்கும் பேட் துருவோடு சேர்ந்து டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை புறப்படும் முன் சமதளத்தில் நிறுத்தி, ‘பி’ போட்டு, முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். சில வண்டிகள் என்ஜினை அணைத்ததும் தாமாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அதைத் தடுக்கும் முறை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். திரும்பவும் இணைத்ததும் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஒருமுறை போட்டு விடுவித்தாலே பல வண்டிகளில் அது அணைந்துவிடும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): ஓட்டத்தில் கால் பிரேக் பிடிக்காமல் போனால் இந்தப் பொத்தான் உதவுமா?

பதில்: உதவும். பொத்தானை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விட்டால் பிரேக் விடுபடும். ஆயில் அழுத்தம் இருக்கும்வரை பெரும்பாலான வண்டிகள் நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும். அது இல்லாவிட்டால் பின்சக்கரங்களில் மட்டும் பிடிக்கும்.

கேள்வி (குளச்சல்): பின் பேடுகளை உள்ளூர்க் கடையில் மாற்றினேன். மறுநாளே பிரேக் விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து கரகரவென்ற சத்தம் வருகிறது.

பதில்: இதே நிலையில் ஒரு வண்டி என் பணிமனைக்கு வந்தது. காலிப்பரைப் பிரித்துப் பார்த்தபோது, திருகுத் தண்டின் மரை நசுங்கியிருந்தது. பழைய முறைப்படி ‘சி’ கிளாம்ப் வைத்து பிஸ்டனை உள்ளே அழுத்தியிருக்கிறார்கள். உள்ளே திருகு நீட்டியபடி நிற்பதால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. காலிப்பரையே மாற்ற வேண்டியதாயிற்று.

முதலில் ஸ்கேனர் வழியாகவோ, கையேட்டில் சொன்ன பொத்தான் வரிசைப்படியோ வண்டியைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, திருகைப் பின்வாங்கச் செய்த பிறகே பிஸ்டனைத் தொட வேண்டும். பேட் இல்லாத நேரத்தில் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் இன்னும் சிலவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் முதலில் இறுகுவது காலிப்பர் நழுவும் பின்கள். அவற்றுக்குச் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதச் செய்துவிடும். மோட்டார் இணைப்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். மோட்டாருக்கும் காலிப்பருக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். மணலில் ஓட்டி வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆனால் அழுத்தக் குழாயின் முனையை மோட்டாரின் மேல் காட்டாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வேலை முடிந்ததும் கால் பிரேக்கைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கி, பராமரிப்பு நிலையை முடித்து, பொத்தானை மூன்று நான்கு முறை போட்டு விடுவித்து, பின்சக்கரங்கள் இரண்டும் கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்த பிறகே ஜாக்கியை இறக்கச் சொல்லுங்கள்.